அடுப்படி அலமாரிக்குப் பெயிண்ட் அடிச்ச கதை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மேடையில பேசுறது இதுதான் முதல் தடவை. போன மாசம் கூட்டத்துல "நீ உன் அலமாரிக் கதையைப் பேசு"ன்னு சொன்னாங்க. சிரிக்கத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நம்ம பக்கத்துல மூணு வீட்டுல அந்த ஸ்ப்ரே டப்பாவை வாங்கி வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். நான் பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் எப்படிச் செய்யணும்ங்கறதைச் சொல்றேன்.

எங்க வீடு திருச்செங்கோட்டுப் பக்கம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். லைனுக்குப் போனா இருபது நாள், ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவார். வீட்டுல நான், என் மகள், மாமியார், அப்போ கல்யாணம் ஆகாத நாத்தனார். அடுப்படி மாமனார் காலத்துல கட்டினது. சமையல் மேடைக்குக் கீழே ஆறு பிளைவுட் கதவு, பச்சை எனாமல் பெயிண்ட் அடிச்சது. கேஸ் வர்றதுக்கு முன்னாடி அதே அடுப்படியில விறகு அடுப்புதான் எரிஞ்சுது. அந்தப் புகை, தாளிச்ச எண்ணெய், கைப்பிடியில இருபது வருஷக் கை அழுக்கு எல்லாம் சேர்ந்து பச்சை எங்கே இருக்குன்னே தெரியாது. கறுப்புப் பச்சை.

நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தாங்க. தை மாசம் பொண்ணு பார்க்க வர்றதாப் பேச்சு. வீட்டுக்காரர் ஃபோன்ல, "டவுன்ல கேட்டேன், பி.வி.சி. கதவு போட்டு மேடையெல்லாம் சரி பண்ண 38,000 ஆகும்ங்கறாங்க, வாரக்கடன் எடுத்துக்கலாம்"னு சொன்னார். வாரக்கடன்னா என்னன்னு இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை வந்தா வாசல்ல வண்டி நிக்கும். நான் வேண்டாம்னேன். அவருக்குக் கோபம். "அப்போ நீயே பாத்துக்கோ"ன்னு வச்சுட்டார்.

சரி, நானே பாத்துக்கறேன்னு குழுவுல உள்கடன் கேட்டேன், 3,000. அங்கேதான் முதல் தப்பு. அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கக் கடன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு எனக்கு வெட்கம். ரெண்டு குட்டி வாங்கப் போறேன்னு சொன்னேன். ஆடு வாங்கன்னு கடன் பேரேட்டுல எழுதி, என்கிட்டே கையெழுத்தும் வாங்கிட்டாங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து தவணை. குழுவுல அலமாரிக்குன்னு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாங்க. குடும்பச் செலவுக்கு எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கோம்! ஆனா அன்னைக்கு வாய் வரலை.

டவுன்ல ஹார்டுவேர் கடையில ரெண்டு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன், ஐவரி கலர். கடைக்காரர், "குலுக்கி அடிச்சா போதும்மா, பிரஷ்ஷே வேண்டாம்"னார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், நான் வேற எதுவும் கேக்கலை. அது ஐப்பசி மாசம், வெளியே தூறல். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாமானெல்லாம் எடுத்து வச்சுட்டு, ஜன்னலைச் சாத்தினேன். சாரல் அடிக்கும், காத்துல பெயிண்ட் பறக்கும்னு நினைச்சேன். கதவைக் கழட்டக்கூட இல்லை. அப்படியே மேடைக்குக் கீழே உக்காந்து அடிக்க ஆரம்பிச்சேன். அடுப்பை அணைச்சிருந்தேன், சிலிண்டரையும் மூடிட்டேன். அவ்வளவு எச்சரிக்கையா இருக்கோம்னு எனக்குப் பெருமை வேற.

ரெண்டு கதவு முடிஞ்சு மூணாவது கதவு அடிக்கிறேன். தலை சுத்துற மாதிரி இருந்துது, நான் எழுந்துக்கலை. எங்க வீட்டுல சாமி மாடம் அடுப்படி மூலையிலதான். விளக்கு வைக்கிற நேரமாச்சுன்னு அத்தை உள்ளே வந்தாங்க. "ஏன் கண்ணு இப்படி நாத்தமடிக்குது"ன்னு கேட்டுக்கிட்டே தீக்குச்சியை உரசினாங்க.

குப்புனு ஒரு சத்தம். காத்துலயே நீலமா ஒரு நெருப்பு ஓடுச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இல்லை. அத்தை கை முடி பொசுங்கி, ரெண்டு விரல்ல கொப்புளம், சேலை முந்தானை ஓரம் கருகி இருந்துது. என் புருவத்துல பாதி போச்சு. அவ்வளவுதான். என் மகள் அப்போதான் வாசல்ல எழுதிக்கிட்டு இருந்தா. அவ என் பக்கத்துல உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் ராத்திரி சில நேரம் தூக்கம் கலையும்.

தண்ணியில அத்தை கையை வச்சுக் கழுவிக்கிட்டே இருந்தேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார். அத்தை எடுத்து, "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், நீ பாத்து ஓட்டு"ன்னு சொல்லிட்டு என்கிட்டே கொடுத்தாங்க. மகன்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா என்கிட்டே நாலு நாள் பேசலை. அஞ்சாம் நாள் காப்பி கொடுக்கும்போது மெதுவா, "ஆட்டுக்குன்னு சொல்லித்தானே குரூப்புல பணம் வாங்கினே?"ன்னு மட்டும் கேட்டாங்க. நெருப்பைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டுது.

இதுல இன்னொரு கூத்து. அந்த மூணு கதவும் காய்ஞ்ச பிறகு பாத்தா, பெயிண்ட் ஒட்டவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்துல பெயிண்ட் விலகி, மீன் கண்ணு மாதிரி குழி குழியா நின்னுது. ஒரு இடத்துல சுருங்கிப் பால் ஆடை மாதிரி ஆச்சு. ஒரு வாரத்துல நகத்தால கீறினா சப்பாத்தி மாதிரி உரிஞ்சு வந்துது. 520 ரூபாயும் போச்சு.

என் தம்பி திருச்செங்கோட்டுல லாரி பாடி கட்டுற பட்டறையில பெயிண்டர். எங்க ஊர்ப் பக்கம் லாரி பாடியும் போர்வெல் வண்டியும் கட்டாத தெரு கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். அவன் வந்து பாத்துட்டு முதல்ல என் புருவத்தைப் பாத்துச் சிரிச்சான். அத்தை கையைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. "அக்கா, டப்பாவுக்குள்ள பெயிண்ட்டை வெளியே தள்றது எதுன்னு நினைச்சே? பெரும்பாலான டப்பாவுல சிலிண்டர்ல இருக்கிற மாதிரி எரியுற கேஸ்தான் அடைச்சிருக்காங்க. தின்னரும் சேர்ந்திருக்கு. அது காத்தைவிடக் கனம், தரையோட தரையாத் தங்கும். நீ ஜன்னலைச் சாத்திட்டுச் சிலிண்டரைத் திறந்து விட்ட மாதிரிதான் உக்காந்திருந்திருக்கே"ன்னான். டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். நெருப்புப் படம் போட்டுத்தான் இருந்துது. எழுத்து எறும்பு மாதிரி, அதுவும் இங்கிலீஷுல. நான் படிக்கலை.

அதனால முதல்ல இதைக் கேட்டுக்கோங்க. அடுப்படிக்குள்ள இந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. கதவைக் கழட்டி வெளியே கொண்டு போய் வெட்டவெளியிலதான் அடிக்கணும். பக்கத்துல விளக்கு, ஊதுபத்தி, பீடி, வெந்நீர் அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. டப்பாவை வெயில்ல, பைக் டேங்க் மேல, அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க. 50 டிகிரிக்கு மேல சூடானா வெடிக்கலாம். தீர்ந்த டப்பாவைக் குப்பையோட சேர்த்துக் கொளுத்தாதீங்க, ஆணி வச்சுக் குத்தாதீங்க. தீர்ந்துடுச்சுன்னு நாமதான் நினைக்கறோம், உள்ளே கேஸ் மிச்சம் இருக்கும்.

அடுத்த வாரக் கூட்டத்துல எழுந்து நின்னு, ஆடு வாங்கலை, பொய் சொல்லிட்டேன்னு சொன்னேன். யாரும் பேசலை. ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டை எடுத்து, "கடன் நோக்கம்: அடுப்படி அலமாரி பராமரிப்பு" அப்படின்னு திருத்தி எழுதி எல்லார்கிட்டேயும் கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் நம்ம வயசான அக்கா ஒருத்தங்க, "அப்போ அடுப்படியிலதான் ஆடு மேயுதா"ன்னு கேட்டாங்க. அதுலேர்ந்து என் அலமாரிக்கு ஆட்டு அலமாரின்னே பேராயிடுச்சு. இப்போ இங்கே சிரிக்கிறவங்க எல்லாம் எங்க குரூப்தான்.

சரி, ரெண்டாவது தடவை எப்படிப் பண்ணினேன்னு சொல்றேன். மார்கழி கடைசியில தம்பி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல நின்னான். கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னான். "நான் அடிச்சுக் கொடுத்துட்டா நீ கத்துக்க மாட்டே"ன்னுட்டான்.

கதவைக் கழட்டும்போது ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நம்பர், அது இருந்த சட்டத்துலயும் அதே நம்பர். எல்லாக் கதவும் ஒண்ணு போலத்தான் தெரியும், மாத்தி மாட்டினா ஒண்ணு இடிக்கும், ஒண்ணு இளிக்கும். கீல், ஸ்க்ரூ எல்லாம் பழைய மாத்திரை டப்பாவுல. ஸ்க்ரூ ஓட்டை லூசான இடத்துல ரெண்டு தீக்குச்சியை மருந்து முனையைக் கிள்ளிட்டு ஃபெவிகால் தொட்டுச் சொருகிக் காயவிட்டு, அப்புறம் ஸ்க்ரூ போட்டா பிடிச்சுக்கும். இது தம்பி சொன்னதில்லை, எங்க அப்பா கட்டில் காலுக்குப் பண்ணுவார்.

கழுவறதுதான் பாதி வேலை. அரை வாளி வெந்நீர்ல ஒரு கைப்பிடி சலவை சோடா, கொஞ்சம் பாத்திரம் விளக்குற சோப்பு. கையுறை போட்டுக்கோங்க, இல்லைன்னா கை வெந்து போகும். பிளைவுட்டை ஊறப் போடக்கூடாது, உப்பிக்கும். துணியில நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கணும். நான் கழுவின முதல் வாளித் தண்ணி டிகாஷன் மாதிரி இருந்துது. நாலு வாளி ஆச்சு. அப்புறம் நல்ல தண்ணியில சோடா போகத் துடைச்சு, ஒரு நாள் நிழல்ல காய விட்டேன். விரலால தேய்ச்சா கிறீச்னு சத்தம் வரணும். வழுக்கினா இன்னும் எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது உப்புத்தாள். முதல்ல 120, அப்புறம் 220. பழைய பெயிண்ட்டை முழுசா எடுக்க வேண்டியதில்லை, பளபளப்பு போனா போதும். இந்த இடத்துல தாய்மார்கள் கவனிக்கணும். பழைய பெயிண்ட்டுல ஈயம் கலந்திருக்கலாம். புதுப் பெயிண்ட்டுல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2017 நவம்பர்லேர்ந்து நாட்டுல சட்டம் இருக்கு, டப்பாவுலயும் போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி அடிச்சதுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அந்தத் தூசி குழந்தைங்க மூளைக்கு ஆகாது. என் மகளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. அவளை ரெண்டு நாள் எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். மாஸ்க் போட்டு, உப்புத்தாளை லேசா நனைச்சுத்தான் தேய்ச்சேன், தூசி பறக்காது. வழிச்ச அழுக்கை ஈரத்துணியால எடுத்துப் பேப்பர்ல கட்டிப் போட்டேன். கோழி, ஆடு மேயற இடத்துல கொட்டலை. (ஆடுன்னதும் சிரிக்காதீங்க.)

அப்புறம் உட் பிரைமர் ஒரு கை, பிரஷ்ஷால. ராத்திரி முழுக்கக் காயவிட்டு, 320 தாளால லேசா ஒரு தடவு. இரும்பு அலமாரியா இருந்தா துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கணும். சன்மைக்கா ஒட்டின கதவுல இந்த மாதிரி சாதாரணமா அடிச்சா நிக்காது, நான் அடிச்சதும் இல்லை. அது இருக்கிறவங்க தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க. எதுவானாலும் முதல்ல கதவோட பின்பக்கம் ஒரு ஜாண் இடத்துல அடிச்சுப் பாருங்க. பழைய எனாமல் மேல ஸ்ப்ரே கனமா விழுந்தா சுருங்கிக்கும்னு என் காசுல தெரிஞ்சுக்கிட்டேன்.

ஸ்ப்ரே அடிச்ச அன்னைக்கு, பனி போய் வெயில் வர்ற வரைக்கும், பத்து மணி வரைக்கும் தம்பி விடலை. ஈரக் காத்துல அடிச்சா வெள்ளையா மூடாக்குப் போட்ட மாதிரி மங்கிடுமாம். காத்து அடிக்கிற நாளும் ஆகாது, அதனால ஆடி மாசத்துல யாரும் இதைத் தொடாதீங்க. கதவை ரெண்டு செங்கல் மேல படுக்க வச்சோம். நிக்க வச்சா பெயிண்ட் வழிஞ்சு கண்ணீர் மாதிரி இறங்கும். டப்பாவுக்குள்ள ஒரு குண்டு இருக்கும், அது டக் டக்னு ஆடற சத்தம் கேட்ட பிறகும் ரெண்டு நிமிஷம் குலுக்கணும்.

ஒரு ஜாண் தூரம். கதவுக்கு வெளியே அழுத்த ஆரம்பிச்சு, கதவைத் தாண்டிப் போய்த்தான் விரலை எடுக்கணும். கதவு மேலேயே ஆரம்பிச்சா அங்கே திட்டு விழும். கை நிக்கவே கூடாது, ஒரே வேகத்துல நேராப் போகணும். நாம சாணி தெளிக்கற மாதிரி வளைச்சு வீசக்கூடாது. நான் முதல் கதவுல வீசினேன், நடுவுல கனமாவும் ஓரம் வெறுமையாவும் ஆச்சு. தம்பி, "முதல் கோட்டைப் பாத்தா உனக்குக் கோபம் வரணும்க்கா"ன்னான். அவ்வளவு மெல்லிசா, அடியில பிரைமர் தெரியத் தெரிய இருக்கணும். மனசு கேக்காது, இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லும். அடிக்கக்கூடாது. பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது கோட்டு, திரும்பப் பத்து நிமிஷம், மூணாவது. மூணாவதுலதான் முகம் வரும். ஆறு கதவுக்கும் ஒரு கோட்டுக்கு ஒரு டப்பா ஆச்சு. முடிஞ்சதும் டப்பாவைத் தலைகீழாப் பிடிச்சு, வெறும் காத்து வர்ற வரைக்கும் அழுத்தி விடணும், இல்லைன்னா அடுத்த தடவைக்கு மூக்கு அடைச்சுக்கும்.

அலமாரிக்கு உள்பக்கம் நான் அடிக்கலை. பாத்திரமும் பருப்பும் வைக்கிற இடம், கழுவினதோட விட்டுட்டேன்.

தொட்டா ஒட்டாத மாதிரி கால் மணியிலேயே ஆயிடும். அதை நம்பாதீங்க. நல்லா இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரைக்கும் ஈரத்துணி படக்கூடாது. நான் அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே மாட்டிட்டேன். என் மகள் ஊர்லேர்ந்து வந்ததும் ஓடி வந்து நாலாம் நம்பர் கதவைத் திறந்தா. அவ கட்டைவிரல் ரேகை இன்னும் அதுல இருக்கு.

செலவுக் கணக்கைச் சொல்லிடறேன், நம்ம கூட்டத்துல கணக்கு இல்லாமல் எதுவும் பேசக்கூடாது. மூணு டப்பா 780, பிரைமர் 170, உப்புத்தாள் 90, டேப் 40, மாஸ்க் 60, சலவை சோடா 20, புதுக் கைப்பிடி ஆறு 270. மொத்தம் 1,430. முதல்ல நாசம் பண்ணின 520-ஐயும் சேர்த்தா 1,950. மிச்சம் 1,050-ஐ அடுத்த கூட்டத்துலயே திருப்பிக் கட்டிட்டேன். தவணை ஒண்ணுகூட நிக்கலை.

பொண்ணு பார்க்க வந்தவங்க திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுட்டு அப்படியே போயிட்டாங்க. அடுப்படிப் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலை! அந்த இடமும் அமையலை. நாத்தனாருக்கு வைகாசியில வேற இடத்துல முடிஞ்சுது, நல்லா இருக்கா.

இதைத் தொழிலாப் பண்ணலாமேன்னு நம்ம பயிற்றுநர் கேட்டாங்க. ரெண்டு வீட்டுக்குப் பண்ணிக் கொடுத்துப் பாத்தேன். ஒரு வீட்டுல எட்டுக் கதவு, மூணு நாள் வேலை, கூலி 600 கொடுத்தாங்க. அப்போ நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலே அதுக்கு மேல வந்திருக்கும். டப்பா விலைக்கு அது அடைக்கிற இடம் கம்மி. தொழில்னா தம்பி பட்டறையில இருக்கிற மாதிரி கம்ப்ரஸரும் கன்னும் வேணும், அதுக்குரிய மாஸ்க்கும் வேணும். அந்த நாத்தம் ரெண்டு நாளைக்கு நெஞ்சுல நிக்குது. அதனால சொந்த வீட்டுக்கு ஒரு தடவை செஞ்சுக்கலாம், பொழப்பா வேண்டாம்னுதான் என் யோசனை. வேற யாராவது கணக்குப் போட்டுப் பாத்து லாபம் வரும்னு காட்டினா நான் கேட்டுக்கறேன்.

இப்போ ஒரு வருஷம் தாண்டிடுச்சு. அடுப்புக்கு நேர் கீழே இருக்கிற கதவு கொஞ்சம் மஞ்சள் பூத்திருக்கு. மத்த அஞ்சும் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர் லைன்லேர்ந்து வந்து பாத்துட்டு, "38,000 மிச்சம்"னு சொன்னார், வேற ஒண்ணும் சொல்லலை. நெருப்புப் பிடிச்ச விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. இந்தப் புத்தகம் அச்சாகி வந்தா தெரிஞ்சுடும். அத்தைகிட்டே கேட்டேன், "சொல்லிடு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னு சொன்னாங்க. அவங்க முன் வரிசையிலதான் உக்காந்திருக்காங்க, கை இப்போ நல்லா இருக்கு.

திருப்புளி, கையுறை, ரெண்டு மாஸ்க், மிச்ச உப்புத்தாள் என்கிட்டே இருக்கு. எடுத்துக்கிட்டுப் போறவங்க பேரை ஒரு நோட்டுல எழுதிட்டுப் போங்க. நீங்க ஸ்ப்ரே அடிக்கிற அன்னைக்கு எனக்கு ஒரு ஃபோன் பண்ணினா நானும் வந்து பக்கத்துல நிக்கறேன். கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பேன்.